மருத்துவ இயற்பியல் முதுகலைக் கல்வி: தோன்றிய வரலாறும் நம் இளைஞர் செல்லத்தக்க வழியும்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். மன்னர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் வகுப்பறையில் நெடுங்காலம் சொல்லி வந்தவர்கள் நாம். ஆயினும் இம்மலரைக் கையில் எடுப்போருள் பெரும்பாலோர் நம் தெருக்களிலிருந்து கல்லூரிக்குச் சென்று கொண்டிருக்கும் இளைஞர்களும் அவர்தம் பெற்றோருமே ஆவர். ஆதலின் அவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு படிப்பின் வரலாற்றையே எழுதத் துணிந்தோம். அப்படிப்பின் பெயர் மருத்துவ இயற்பியல்.

திருவாரூர் வட்டாரத்தில் இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொண்டு பி.எஸ்சி. பட்டம் பெறும் நம் பிள்ளைகள் இன்று ஆண்டுதோறும் உள்ளனர். பட்டத்திற்குப் பின் என்ன செய்யப் போகிறாய் என்று வினவினால், பி.எட். படிப்பேன் என்பர், அல்லது தேர்வாணையத் தேர்வு எழுதுவேன் என்பர். இரண்டும் மதிக்கத்தக்க வழிகளே. முதல் வழியில் நடந்து வந்தவர்கள்தாம் நாமும். ஆனால் அதே பி.எஸ்சி. பட்டத்தைக் கொண்டு ஒரு பெரிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில், மருத்துவருக்கு அருகில் அமர்ந்து, அவருடைய முடிவை நிறைவேற்றித் தரும் அறிவியலாளராக ஆகலாம் என்பதை அவர்களுள் பலர் செவிவழியாகக்கூடக் கேட்டதில்லை. அதற்கு எம்.பி.பி.எஸ். பட்டம் வேண்டியதில்லை, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வும் வேண்டியதில்லை. அறிவுக் குறைவால் மூடிய கதவுகளைவிட, இருப்பதே தெரியாமையால் திறக்கப்படாத கதவுகளே நமக்கு மிகுதி. அவற்றுள் ஒன்றைச் சுட்டிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவைக் காக்கும் கல்வி

மருத்துவ இயற்பியல் என்பது யாது? புற்றுநோய் கண்ட ஒருவருக்குக் கதிர்வீச்சு மருத்துவம் வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்கிறார். எந்த இடத்தில், எவ்வளவு கதிர் என்று குறிப்பெழுதுகிறார். அந்த அளவு அந்த இடத்தைத் தவறாது சென்று சேர வேண்டும்; அருகிலுள்ள நல்ல உறுப்புகளில் இயன்றவரை குறைவாகவே பட வேண்டும். இதற்கு எத்தனைத் திசைகளிலிருந்து, எவ்வளவு நேரம் கதிரைச் செலுத்துவது எனக் கணக்கிட்டுத் தருபவரே மருத்துவ இயற்பியலார். கருவி சரியான அளவில் கதிரை வெளியிடுகிறதா என்று அளந்து பார்ப்பதும், அந்த அறையின் சுவர் கதிரைத் தடுக்கும் அளவுக்குப் பருமனாக உள்ளதா எனச் சோதிப்பதும், அங்குப் பணிபுரிவோர் அளவுக்கு மேல் கதிர் பெறாமல் காப்பதும் அவர் பொறுப்பே.

உடல் ஏற்கும் கதிரின் அளவைக் ‘கிரே’ என்னும் அலகால் குறிப்பர். வழக்கமான முறையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே வீதம், வாரத்திற்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரங்கள் தருவர். பல நோயாளிகளுக்கு மொத்தம் 50 அல்லது 60 கிரே அளவில் அமையும். குறைந்தால் நோய் மீண்டும் தலைதூக்கும். மிகுந்தால் நல்ல தசை கெடும். ஆதலின் திட்டமிட்ட அளவிலிருந்து 5 விழுக்காட்டிற்கு மேல் விலகலாகாது என்னும் நெறியை உலக அறிஞர்கள் 1970களிலேயே வகுத்தனர்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கதிர்வீச்சு மருத்துவத்திற்குப் பயன்படும் கோபால்ட்-60 என்னும் பொருளின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5.27 ஆண்டு. அதாவது மாதந்தோறும் அதன் வலிமை ஏறத்தாழ 1 விழுக்காடு குறைந்து கொண்டே வருகிறது. சென்ற ஆண்டு 120 நொடியில் கிடைத்த கதிரளவு இவ்வாண்டு கிடைக்க ஏறத்தாழ 137 நொடி வேண்டும். இக்கணக்கைப் போடாது விட்டால், நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. மருத்துவர் கண்ணுக்கும் அன்றே தெரியாது. மாதங்கள் கழிந்து நோய் திரும்பும்போதுதான் தெரியும்.

களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்லைக் கொண்டு பிழைத்த மக்கள் நாம். மரக்கால் குறைந்தால் அன்று இரவு உலை ஏறாது என்பதை நம் பாட்டன்மார் பட்டறிந்திருந்தனர். அளக்கும் கோல் பிறர் கையில் இருந்தமையால் நாம் இழந்தது கொஞ்சமன்று. மருத்துவ இயற்பியலும் சாரத்தில் அளவைப் பற்றிய கல்வியே. அங்கே அளக்கும் பொறுப்பில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும் என்று விரும்புகிறோம்.

உலகில் தோன்றிய வரலாறு

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் செருமனி நாட்டின் வூர்ட்சுபர்க் நகரில் ராண்ட்ஜன் என்னும் இயற்பியல் பேராசிரியர் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். இயற்பியலுக்கான முதல் நோபெல் பரிசு 1901இல் அவருக்கே கிடைத்தது. தம் கண்டுபிடிப்பிற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. உலகம் முழுவதும் விலையின்றிப் பயன்படுத்திக் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1896இல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டார். 1898இல் மேரி கியூரியும் அவர் கணவர் பியரி கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தனர்.

மேரி கியூரியின் இளமை நம் இளைஞர்கள் அறியத்தக்கது. அவர் பிறந்த போலந்து அன்று ருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்குப் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதில்லை. அவர் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வருவாயில் தம் தமக்கையின் மருத்துவப் படிப்பிற்குப் பணம் அனுப்பினார். அதன் பின்னரே, 1891இல், தாம் பாரிசு சென்று படித்தார். 1903இல் ஒன்றும் 1911இல் ஒன்றுமாக இரண்டு நோபெல் பரிசுகளைப் பெற்றார்.

புதிய கதிர்கள் மருத்துவமனைக்குள் விரைந்து நுழைந்தன. ஆனால் அவற்றை அளக்கும் முறை அவ்வளவு விரைவில் வரவில்லை. தொடக்க காலத்தில் எக்ஸ் கதிரோடும் ரேடியத்தோடும் பழகிய மருத்துவர்களும் பணியாளர்களும் விரல்களை இழந்தனர். பலர் உயிரையும் இழந்தனர். அவர்கள் நினைவாக 1936இல் செருமனியின் ஆம்பர்க் நகரில் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. மேரி கியூரியே 1934இல் இரத்தம் உற்பத்தியாகாத நோயால் மறைந்தார். நெடுங்காலம் கதிர்களுக்கு இடையே வாழ்ந்ததே அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. கதிர் மருந்தாக வேண்டுமானால் அதனை அளந்தே தர வேண்டும் என்னும் உண்மை இவ்வாறு உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றுக் கொள்ளப்பட்டது. மருத்துவமனைக்கு இயற்பியலார் தேவைப்பட்டது இதனால்தான்.

1951இல் கனடா நாட்டில் கோபால்ட்-60 கருவியால் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்யும் முறை தொடங்கிற்று. ரேடியத்தைவிட மலிவான இக்கருவி ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் எட்டக்கூடியதாயிற்று. அதனை வடிவமைத்தவர்களுள் ஒருவரான அரால்டு ஜான்ஸ் ஓர் இயற்பியல் பேராசிரியர். 1971இல் உடலின் உட்பகுதியை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் சி.டி. கருவி இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. அதற்காக 1979இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு பெற்ற இருவருள் கார்மாக் இயற்பியலார். அவுன்ஸ்பீல்டு பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ஒரு பொறியாளர். எம்.ஆர்.ஐ. படமுறைக்காக 2003இல் அதே பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான பீட்டர் மான்ஸ்பீல்டு பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, அச்சுத் தொழிலில் சேர்ந்து, பின்னர் வேலை பார்த்துக் கொண்டே படித்து இயற்பியல் பேராசிரியர் ஆனவர். மருத்துவத்திற்கான உயரிய பரிசுகளை மருத்துவர் அல்லாதவர்கள் பெற்றனர் என்பதையும், அவர்களுள் வசதியற்ற குடும்பத்தில் பிறந்தோர் இருந்தனர் என்பதையும் நம் பிள்ளைகள் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

நம் நாட்டில் மருத்துவ இயற்பியலுக்கு முன்னோடியாகப் போற்றப்படுபவர் டாக்டர் இராமையா நாயுடு. இவர் பாரிசில் மேரி கியூரியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1941இல் பம்பாயில் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையில் இயற்பியலாராக இருந்து கதிர்வீச்சு மருத்துவத்திற்கு அடித்தளம் இட்டார். இந்திய மருத்துவ இயற்பியலார் சங்கம் இன்றும் இவர் பெயரால் ஒரு சொற்பொழிவை நடத்தி வருகிறது.

சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையை ஒட்டி 1934இல் பார்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கப்பெற்றது. எக்ஸ் கதிர்ப் படமும் கதிர் மருத்துவமும் தென்னாட்டு மக்களுக்கு ஓரிடத்தில் கிடைக்க அது வழி செய்தது. அடுத்த பெரும் படி அடையாறு புற்றுநோய் மருத்துவ நிலையம். அதனை உருவாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886இல் புதுக்கோட்டையில், தேவதாசி மரபில் வந்த தாய்க்கு மகளாகப் பிறந்தவர். புதுக்கோட்டைக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எழுந்த எதிர்ப்பையும் பிறப்பைக் காட்டிய இழிசொல்லையும் தாண்டி, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அந்நிலையத்திற்கு வித்தாயிற்று. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் சிறு கட்டடத்தில் மருத்துவப் பணி தொடங்கியது. 1955இல் அங்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா அம்மையார் 2021இல் மறையும்வரை அதனை விட்டு நீங்கவில்லை. 1950களின் பிற்பகுதியிலேயே அங்குக் கோபால்ட்-60 கருவி வந்தது. கருவிகள் பெருகப் பெருக, அவற்றை அளந்து இயக்கும் இயற்பியலார் தேவை என்பது எல்லார்க்கும் தெளிவாயிற்று.

அத்தேவையை நிறைவு செய்ய முதலில் முன்வந்தது அணுசக்தித் துறை. 1962இல் பம்பாய் திராம்பேயில், இன்று பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப்படும் நிறுவனத்தில், உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் கதிரியல் இயற்பியல் பட்டயப் படிப்பு தொடங்கியது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களுக்கான ஓராண்டுப் படிப்பு அது. நெடுங்காலம் நாட்டின் மருத்துவமனைகளுக்கு இயற்பியலாரைத் தந்த ஊற்றுக்கண் அதுவே. 1976இல் இந்திய மருத்துவ இயற்பியலார் சங்கம் தோன்றியது. 1978இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி முதலியவற்றை இணைத்து அண்ணா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அங்கு மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. படிப்பு வந்தது. பட்டயம் என்னும் நிலையிலிருந்து முழு முதுகலைப் பட்டமாக இக்கல்வி உயர்ந்ததில் தமிழகத்திற்கு முன்வரிசை இடம் உண்டு என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1983 நவம்பர் 15ஆம் நாள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. கதிர்வீச்சு மருத்துவம் செய்யும் எந்த மருத்துவமனையும் தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலார் இன்றி நடைபெறலாகாது என்பது அதன்பின் கட்டாயமாயிற்று. ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் தொடங்கிய தொழில், இவ்வாறு விதியால் நிலைபெற்ற தொழிலாயிற்று.

அதே ஆண்டுகளில் நம் மக்கள்

வரலாற்றை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்ப்பது ஆசிரியர் வழக்கம். மேற்கண்ட ஆண்டுகளுக்கு எதிரே காவிரிப் படுகையில் நம் மக்கள் வாழ்ந்த ஆண்டுகளை வைத்துப் பார்ப்போம்.

டாட்டா மருத்துவமனை திறந்து மூன்றாண்டு கழித்து, 1944இல், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் பள்ளியிறுதிக்கு மேல் படிப்பதற்கான மைய அரசின் உதவித்தொகை தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் வைசிராயிடம் விடாது வற்புறுத்தியதன் பயன் அது. ஆனால் அந்நாளில் தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியிறுதி வகுப்பே எட்டாக் கனி. அடையாற்றில் நேரு அடிக்கல் நாட்டிய அதே 1952இல்தான் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் செங்கொடியின் கீழ் நம் மக்கள் நடத்திய நீண்ட போராட்டம் அச்சட்டத்திற்குப் பின்னணி. திராம்பேயில் பட்டயப் படிப்பு தொடங்கிய ஆறாம் ஆண்டில், 1968 டிசம்பர் 25 இரவு, இங்கிருந்து தொலைவில் இல்லாத வெண்மணியில், கூலி நெல் சற்றுக் கூட்டிக் கேட்டதைத் தொடர்ந்த பகையில், 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

கல்லூரி என்றால் அந்நாளில் 1854 முதல் நிலவிய குடந்தை அரசுக் கல்லூரியையோ 1956இல் தொடங்கிய பூண்டி புட்பம் கல்லூரியையோ நாடிச் செல்ல வேண்டும். திருவாரூரில் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி 1970இல் வந்தது. அதன் பிறகே கூலி வேலை செய்யும் பெற்றோர் தம் பிள்ளையை விடியற்காலையில் அனுப்பி மாலையில் வீட்டில் காண முடிந்தது. 1997 சனவரி 1ஆம் நாள் திருவாரூர் தனி மாவட்டமாயிற்று. 2009இல் நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும், 2010இல் திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் தோன்றின.

இந்த இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது தெளிவாவது ஒன்று. நாட்டில் இக்கல்வி வேரூன்றிய காலத்தில் நம்மவர் வாராமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. அவர்கள் வேறொரு போரில் இருந்தனர். உயிரையும் கூலியையும் காத்துக் கொள்ளும் போர் அது. அந்தப் போரில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று இயற்பியல் பட்டதாரிகளாக நம்முன் நிற்கின்றனர். தாத்தாவுக்குக் காலம் இடம் தரவில்லை. பேரனுக்கும் பேத்திக்கும் இடம் இருக்கிறது, செய்தி மட்டும் எட்டவில்லை.

அறிவியல் உலகிலும் சாதி தன் முகத்தைக் காட்டாமல் இருந்ததில்லை. டாக்கா அருகே ஒரு சிற்றூரில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத சாகா, தாழ்ந்த சாதி எனக் கருதப்பட்ட குடியினர். கல்கத்தாவில் மாணவர் விடுதியில் உடன் படித்தோர் அவரோடு ஒருங்கிருந்து உண்ண மறுத்தனர். அவரே பின்னர் விண்மீன்களின் ஒளியைக் கணக்கிட்டு உலகப் புகழ் பெற்று, கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியலுக்கென ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் பெயரால் அது இன்றும் விளங்குகிறது.

இன்றுள்ள வழிகள்

இனி வழிகளைச் சொல்வோம். மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாராகப் பணிபுரிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்துள்ள தகுதி இரண்டு வழிகளில் அடையத்தக்கது.

முதல் வழி: இயற்பியலை முதன்மைப் பாடங்களுள் ஒன்றாகக் கொண்டு பி.எஸ்சி. முடித்து, மருத்துவ இயற்பியலிலேயே எம்.எஸ்சி. பட்டம் பெறுதல். தமிழகத்தில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆகியவை இப்படிப்பை நடத்தி வந்துள்ளன.

இரண்டாம் வழி: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, அதன்மேல் கதிரியல் இயற்பியல் அல்லது மருத்துவ இயற்பியலில் பட்டயம் பெறுதல். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் படிப்பு இவ்வகையில் தலையாயது. இவ்வழியில் செல்வோர்க்கு முதற்படியான எம்.எஸ்சி. இயற்பியலை நம் ஊர் அருகே நீலக்குடியிலேயே படிக்கலாம்.

எந்த வழியாயினும், படிப்பிற்குப் பின் நல்ல கருவிகள் உள்ள கதிர்வீச்சு மருத்துவப் பிரிவு ஒன்றில் பன்னிரண்டு மாதப் பயிற்சி கட்டாயம். அதன் பின்னர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கான தேர்வில் வென்றால் மருத்துவமனை அவரை அப்பொறுப்பிற்கு முன்மொழியலாம். வாரியம் ஒப்புதல் அளிக்கும்.

படிப்பில் என்னென்ன கற்பர்? அணுக்கரு இயற்பியல், கதிர் அளவியல், மனித உடற்கூறும் உடலியங்கியலும், கதிர் உயிரியல், எக்ஸ் கதிர் முதலிய படமுறைகள், மருத்துவத் திட்டமிடல், கதிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கற்பர். மருத்துவமனையில் செய்முறையும் ஆய்வேடும் உண்டு. முடித்தோர்க்குப் புற்றுநோய் மருத்துவமனை, அணுக்கரு மருத்துவப் பிரிவு, எக்ஸ் கதிர்க் கருவிகளைச் சோதிக்கும் நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியப் பணி, ஆராய்ச்சி எனப் பல துறைகளில் இடம் உண்டு.

சேர்க்கையில் சில இடங்களில் பட்ட மதிப்பெண்ணைப் பார்ப்பர். சில இடங்களில் நுழைவுத் தேர்வு நடத்துவர். மாநிலப் பல்கலைக்கழகங்களில் நம் வகுப்பினர்க்கு 18 விழுக்காடும், மைய அரசின் கல்வி நிறுவனங்களில் 15 விழுக்காடும் இட ஒதுக்கீடு உண்டு. பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையும் ஆதிதிராவிடர் நல விடுதியும் முதுகலை மாணவர்க்கும் உரியவை. மேலும் படித்து முனைவர் பட்டம் பெற விழைவோர்க்கு, தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கான தேசிய ஆய்வு நல்கை இருக்கிறது.

எச்சரிக்கையும் இடர்களும்

இனிப்பானவற்றை மட்டும் சொல்லி இளைஞரை அனுப்புதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின் நான்கு செய்திகளை வெளிப்படையாகக் கூறுகிறோம்.

முதலாவது, மருத்துவ இயற்பியல் என்னும் பெயர் பலகையில் இருப்பதால் மட்டும் ஒரு படிப்பு தகுதி தந்துவிடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்ற படிப்பா என்று, பணம் கட்டுவதற்கு முன்னரே, வாரியத்தின் பட்டியலைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும். நம் பெற்றோர் தாலியை அடகு வைத்துக் கட்டும் பணம் இது. பிழை நேர்ந்தால் திருப்பித் தருவார் இல்லை.

இரண்டாவது, பன்னிரண்டு மாதப் பயிற்சி. பயிற்சி இடங்கள் மிகுதியாக இல்லை. பல இடங்களில் அக்காலத்தில் கிடைக்கும் தொகை சென்னையிலோ வேறு நகரிலோ தங்கி உண்பதற்குப் போதாது. பட்டம் வாங்கிய பின்னும் ஓராண்டு வீட்டிற்குப் பணம் அனுப்ப இயலாது என்பதைப் பெற்றோர்க்கு முன்னரே சொல்லி வைத்தல் நன்று.

மூன்றாவது, இக்கல்விக்கான முடிவு பதினோராம் வகுப்பிலேயே தொடங்குகிறது. கணிதம் கடினம் என்று சொல்லி நம் பிள்ளைகள் கணிதம் இல்லாத பிரிவை எடுக்கின்றனர். கணிதத்தை விட்டவர்க்குப் பி.எஸ்சி. இயற்பியல் பெரும்பாலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் தாங்குவதில்லை. நல்ல ஆசிரியர் அமையாத ஊரில் கழகம் மாலை வகுப்பு நடத்திக் கணிதத்தைக் காக்க வேண்டும்.

நான்காவது, மொழி. தமிழ்வழியில் பயின்றோர் முதற்பருவத்தில் ஆங்கில நூல்களைக் கண்டு திகைப்பர். அத்திகைப்பு ஓரிரு பருவங்களில் தீரும். இயற்பியலைத் தமிழில் தெளிவாகப் புரிந்து கொண்டவர்க்கு ஆங்கிலச் சொல் ஒரு சட்டையை மாற்றுவது போன்றதே. புரியாமல் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவர்க்குத்தான் உண்மையான இடர்.

யாருக்காக இக்கல்வி?

இத்தொழிலால் வரும் ஊதியத்தையும் மதிப்பையும் மட்டும் எண்ணி இதனைப் பரிந்துரைக்கவில்லை. புற்றுநோய் கண்ட நம் ஊர் முதியவள் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குச் செல்கிறாள். கூட வருகின்ற மகன் அன்றைய கூலியை இழக்கிறான். ஐந்தாறு வாரம் நாள்தோறும் கதிர் வைக்க வேண்டும் என்றால், தங்க இடமின்றிப் பாதியிலேயே திரும்பி விடுவோரும் உண்டு. பாதியில் நிறுத்திய மருத்துவம் பயன் தாராது என்பதை அவர்கள் மொழியில், அவர்கள் முறை சொல்லி அழைத்து எடுத்துரைக்க, அந்தப் பிரிவில் நம்மவர் ஒருவர் இருத்தல் எத்துணை நன்மை! மாவட்டந்தோறும் கதிர்வீச்சு மருத்துவம் வர வேண்டுமானால், கட்டடமும் கருவியும் மட்டும் போதா. தகுதி பெற்ற இயற்பியலாரும் வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் நிகழ்ந்ததை இளைஞர் அறிய வேண்டும். டில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கருவி ஒன்று பழைய பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டது. அதனை உடைத்துப் பிரித்த தொழிலாளர் உள்ளே இருந்தது இன்னதென்று அறியார். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். மேலும் சிலர் கடும் கதிர்த்தாக்கத்திற்கு உள்ளாயினர். அறிவு கூடிய இடத்தில் பிழை நேர்ந்தது. அதன் விலையை உழைப்பாளி கொடுத்தார். பாதுகாப்பு என்பது ஏட்டில் உள்ள விதி மட்டுமன்று. யாருடைய உடல் முதலில் ஆபத்தின் அருகே நிற்கிறதோ, அவர்களுடைய பிள்ளைகள் அந்த விதியை நடைமுறைப்படுத்தும் நாற்காலியில் அமரும்போது அதற்கு உயிர் வரும்.

ஆதலின் கழகத்திற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். நம் வட்டாரத்தில் இயற்பியல் படிக்கும் மாணவ மாணவியரின் பெயர்ப் பட்டியல் ஒன்று கழக அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் சேர்க்கை அறிவிப்புகள் வெளிவரும் காலத்தில் அவர்களைக் கூட்டி, இப்படிப்பை நடத்தும் நிறுவனங்களின் விவரங்களையும் வாரியத்தின் பட்டியலையும் படித்துக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதப் பயிற்சிக் காலத்தில் தங்கும் செலவுக்கென ஒரு வைப்பு நிதியை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருவருக்கு உதவினாலும் போதும். அந்த ஒருவர் அடுத்தவரை அழைத்துச் செல்வார்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பெண்பிள்ளைக்கு இப்படிப்பு ஏன் என்று தயங்க வேண்டா. இத்துறையின் வரலாற்றில் மேரி கியூரியும், நம் நாட்டில் முத்துலட்சுமி அம்மையாரும் சாந்தா அம்மையாரும் நடந்து காட்டிய வழி இருக்கிறது.

இளைஞர்களே! இவ்வாண்டு இயற்பியல் இறுதியாண்டில் இருப்போர் இம்மலரை மூடி வைத்தபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் எடுத்துக் கொண்டு கழக அலுவலகத்திற்கு வாருங்கள். விண்ணப்பம் எழுத நாம் உடன் அமர்வோம்.